எட்டுக் குப்பிகளுக்குத்தான் இடம்: எவற்றை வைத்துக்கொள்வது?

கேள்வி: பார்வதிபுரத்துக்காரன்

வணக்கம். வளைகுடாவில் 26 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, போன சித்திரையில் நாகர்கோவிலுக்கே வந்து சேர்ந்துவிட்டேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊர் வரும்போது, விமான நிலைய வரியில்லாக் கடையில் ஒருவருக்கு அனுமதிக்கப்படும் 2 லிட்டருக்குள் இரண்டு குப்பிகள் வாங்கி வருவது வழக்கம். குடிக்க வேண்டும் என்று நினைத்து வாங்கியவை அவற்றில் பாதிகூட இல்லை. குப்பியின் வடிவமோ, மூடியில் இருந்த அரக்கு முத்திரையோ, கடைக்காரர் சின்னஞ்சிறு கோப்பையில் ஊற்றித் தந்த அரை மிடறோ மயக்கிவிட்டதால் வாங்கியவைதான் அதிகம்.

புது வீட்டுக்குக் குடிபுகுந்தபோது எண்ணிப் பார்த்தேன். 19 குப்பிகள் இருந்தன. வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளும் மதுவுக்கும் மாநில விதிகளில் அளவு வரம்பு உண்டு என்று என் மைத்துனர் முதல் வேலையாக நினைவூட்டினார். இரண்டாவது வேலையாக, உறை பிரிக்காத இரண்டு ஸ்காட்ச் குப்பிகளைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். மீதியையும் குறைத்தே ஆகவேண்டிய நிலை. ஏனென்றால், வீட்டம்மா அயனிப் பலகையில் செய்த அலமாரியில் ஒரேயொரு தட்டைத்தான் எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். அதில் எட்டுக் குப்பிகள் நிற்கும். ஒன்பதாவதை வைத்தால் கதவு மூடாது.

எதை விடுவது, எதை வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மருமகன் வந்திருந்தபோது, நான்கு ஆண்டுகளாகப் பத்திரமாகக் காத்து வைத்திருந்த ஐரிஷ் கிரீம் லிக்யூர் (பாலாடை கலந்த இனிப்பு மது) ஒன்றைத் திறந்தேன். முதலில் எதுவும் வரவில்லை. குப்பியைச் சற்றுக் குலுக்கிச் சாய்த்ததும், திரிந்த பாலைப் போல ஒரு கட்டி கோப்பைக்குள் தொப்பென்று விழுந்தது. அதன் பின்னால் வெளிறிய தண்ணீர் வந்தது. மருமகன் நாகரிகமானவர், தமக்கு விஸ்கியே போதும் என்று சொல்லிவிட்டார். மதுவுக்குக் கெடுதலே இல்லை, நாளாக நாளாகத்தான் அதன் மதிப்பு ஏறும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

நான் அதிகம் குடிப்பவன் அல்ல. சனிக்கிழமை மாலையில் நண்பர்கள் இருவர் வருவார்கள். வறுத்த நெத்திலியோ, அவித்த மரச்சீனிக்கிழங்கோ இருக்கும். ஆளுக்கு ஒரு கோப்பை, மிஞ்சிப்போனால் இரண்டு. அந்த ஒரு கோப்பை மணமாகவும், வாராவாரம் வேறு வேறாகவும் இருந்தால் நல்லது என்பதுதான் என் ஆசை. மூலிகை, ஆரஞ்சுத் தோல், சோம்பு முதலிய வாசனைகள் பிடிக்கும். வெறும் இனிப்பு பிடிக்காது. நம் ஊரின் வெக்கையிலும் ஈரத்திலும், திறந்த குப்பியை மாதக்கணக்கில் வைத்திருக்கும் ஒருவர் தம் தட்டில் எந்த எட்டை நிறுத்தலாம்? அனுபவம் உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1: தக்கலை மருந்துக்கடை

அண்ணாச்சி, எவற்றை வைப்பது என்பதை மற்றவர்கள் சொல்லட்டும். எவை நம் ஊரில் தாங்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். 30 ஆண்டுகளுக்கு மேல் மருந்துக் குப்பிகளோடு பழகியதில், திரவம் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் கவனித்திருக்கிறேன்.

முதலில் குப்பியில் அச்சிட்டிருக்கும் மதுவலிமைச் சதவீதத்தைப் பாருங்கள். நம் நாட்டு விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பெரும்பாலும் 42.8 என்று இருக்கும். இந்த விநோதமான எண் பழைய பிரிட்டிஷ் கணக்கிலிருந்து வந்தது. அவர்கள் 100 புரூஃப் என்று சொன்னது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 57 சதவீதம்; அதில் 75 புரூஃப்தான் நம் 42.8. சில குப்பிகளில் 25 டிகிரி யு.பி. (அண்டர் புரூஃப்) என்று அச்சிட்டிருப்பதற்கும் இதே பொருள்தான். இந்த வலிமையில் கிருமி எதுவும் வளராது. மூடி இறுக்கமாக இருந்து, வெயிலும் படாமல் இருந்தால், திறக்காத விஸ்கி உங்கள் பேரன் காலம்வரை இருக்கும். ஆனால் அது முதிராது. விஸ்கியின் வயது பீப்பாயில் இருந்த ஆண்டுகளை மட்டும் குறிக்கும். 12 ஆண்டு விஸ்கியை உங்கள் அலமாரியில் மேலும் 10 ஆண்டுகள் வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கியேதான்.

லிக்யூர் என்பது வாசனையும் இனிப்பும் ஏற்றிய மது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, சில விலக்குகள் நீங்கலாக, லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் சர்க்கரை இருந்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும். கிரெம் என்று தொடங்கும் பெயர்களுக்கு 250 கிராம் வேண்டும். சர்க்கரையும் ஒருவகையில் காப்பான்தான். ஆகவே 40 சதவீத ஆரஞ்சு லிக்யூரோ மூலிகை லிக்யூரோ திறந்தபின்னும் ஓரிரு ஆண்டுகள் நன்றாகவே இருக்கும். ஆனால் ஊற்றியபின் கழுத்தைத் துடைக்காமல் மூடினால், மூடியின் திருகில் சர்க்கரை உறைந்து பாகாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் காலையில் அலமாரிக் காலிலிருந்து குப்பியின் கழுத்துவரை எறும்பு வரிசை போட்டிருக்கும். ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து மூடுவதே இதற்கு வைத்தியம்.

உங்களிடம் திரிந்துபோனது மூன்றாவது வகை. ஐரிஷ் கிரீம் லிக்யூரில் மதுவின் வலிமை ஏறக்குறைய 17 சதவீதம்தான். பாலாடையை அந்த மதுவில் நுண்துளிகளாகக் கலந்து நிறுத்தியிருக்கிறார்கள். குளிர்ந்த நாட்டிலேயே, தயாரித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் குடித்துவிடும்படிதான் தயாரிப்பாளர்கள் சொல்வது வழக்கம். 25 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைக்கவும் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அந்த நிபந்தனை நம் வீடுகளில் ஒரு நாள்கூட நிறைவேறாது. கணக்கு திறந்த நாளிலிருந்து தொடங்குவதில்லை என்பதையும் கவனியுங்கள். வெர்மூத் வேறொரு பொறி. அது பார்வைக்கு மது அலமாரியின் ஆள் போலத் தெரிந்தாலும், உண்மையில் மூலிகை சேர்த்து வலுவேற்றிய வைன். 15 முதல் 18 சதவீதம்வரைதான் இருக்கும். திறந்தால் குளிர்பெட்டிக்குள் போகவேண்டும், ஒன்றிரண்டு மாதத்தில் முடிக்கவேண்டும். சிறிய குப்பியாகக் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வைக்கும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வைன் குப்பியைப் படுக்கவைப்பார்கள். விஸ்கி, பிராந்திக் குப்பிகளை நிமிர்த்தியே வைக்கவேண்டும். வலுவான மது தக்கையில் பட்டுக்கொண்டே இருந்தால், அது தக்கையை அரித்துத் தூளாக்கிவிடும். மேற்குச் சுவரில் பதித்த அலமாரியும் வேண்டாம், சமையலறையும் வேண்டாம். பச்சை நிற மூலிகை லிக்யூர்கள் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். அலமாரியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் இருந்தால் அந்தத் தட்டை விட்டுவிடச் சொல்லுங்கள். கடலோரத்து வீடுகளில் தகர மூடிகள் உப்புக் காற்றில் துருப்பிடிக்கின்றன. உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

குப்பி கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டால், மீதியைச் சிறிய கண்ணாடிக் குப்பிக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே காற்று எவ்வளவு குறைவோ, மணம் அவ்வளவு நாள் நிற்கும். பழுப்பு நிற 200 மில்லி மருந்துக் குப்பிக்கு இணையானது இதற்கு வேறு இல்லை. புதிதாக வாங்கியதாக இருக்கவேண்டும். இருமல் மருந்து இருந்த குப்பியை எத்தனை முறை கொதிநீரில் கழுவினாலும் அதன் வாசனை போகாது.


பதில் 2: குளச்சல் கப்பல்காரன்

பயணிகள் கப்பல்களின் மதுக்கூடத்தில் 18 ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கப்பலில் என் பின்னால் 200 வகைக் குப்பிகள் இருந்தன. இப்போது வீட்டில் என்னிடம் இருப்பவை ஏழு. கப்பலில் இருந்தபோதும் கை தானாகப் போனது இந்த ஏழின் பக்கம்தான்.

அண்ணாச்சி தனித்தனியாக எட்டு ருசிகளைத் தேடுகிறீர்கள். ஒன்றோடொன்று சேரும் எட்டைத் தேடிப் பாருங்கள். ஜின், காம்பாரி, சிவப்பு வெர்மூத் மூன்றும் இருந்தால் நெக்ரோனி கிடைக்கும். ஜின்னுக்குப் பதில் விஸ்கி ஊற்றினால் அது வேறொரு பானம். இந்த நெக்ரோனியை 1919 வாக்கில் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு பிரபு கேட்டு வாங்கியதிலிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள். மூன்றிலும் 30 மில்லி, பெரிய பனிக்கட்டி, கரண்டியால் கிளறல், அவ்வளவுதான். காம்பாரி 1860இல் இத்தாலியில் தொடங்கிய கசப்பு. முதல் மிடறில் நிலவேம்புக் கஷாயம் குடித்தது போல முகம் சுளிப்பீர்கள்; மூன்றாவது மிடறில் ஏன் சுளித்தோம் என்று தோன்றும். ஆரஞ்சுத் தோலில் பெருவிரல் நீளத்துக்கு ஒரு சீவல் எடுத்து, வெளிப்பக்கம் கோப்பையைப் பார்க்கும்படி பிடித்து மடக்குங்கள். தோலிலிருந்து எண்ணெய் புகைபோலத் தெறித்து மதுவின் மேல் படலமாகப் படியும். சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் படலம் பளபளப்பது தெரியும். நீங்கள் தேடும் வாசனையில் பாதி அந்தப் படலத்தில்தான் இருக்கிறது; அதற்குக் காசும் கிடையாது.

ஆரஞ்சு லிக்யூர் ஒன்று கட்டாயம் வேண்டும். நான் குவாந்த்ரோவையே வைத்திருக்கிறேன். பிரான்சின் ஆன்ஜே நகரத்தில் 1849இல் தொடங்கிய வடிசாலையின் சரக்கு. இனிப்பு ஆரஞ்சு, கசப்பு ஆரஞ்சு இரண்டின் தோலையும் சேர்த்து வடித்தது. 40 சதவீதம் என்பதால் மருந்துக்கடை அண்ணன் சொன்ன கணக்குப்படி நம் ஊரில் தாங்கும். இனிப்பு பிடிக்காது என்கிறீர்கள். தனியாகக் குடித்தால் எனக்கும் பிடிக்காது. ஆனால் 50 மில்லி பிராந்தி, 25 மில்லி குவாந்த்ரோ, 25 மில்லி நாட்டு எலுமிச்சைச் சாறு மூன்றையும் பனிக்கட்டியோடு குலுக்கி வடித்துப் பாருங்கள். புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, தோலின் மணம் மட்டும் எஞ்சும். பிராந்திக்குப் பதில் தெக்கீலா ஊற்றினால் மார்கரீட்டா. எலுமிச்சையை அப்போதே பிழியவேண்டும். காலையில் பிழிந்த சாறு மாலைக்குள் கசந்துவிடும்.

சொட்டுக் கணக்கில் விடும் கசப்புச் சாறான அங்கோஸ்துரா பிட்டர்ஸ் உங்கள் எட்டில் ஒன்றாகக் கணக்கில் வராது. அதை மிளகுப்பொடி டப்பா மாதிரி அடுக்களையில் வைத்துவிடுங்கள். 1824இல் ஒரு ஜெர்மானிய மருத்துவர் வயிற்றுக் கோளாறுக்காகக் கலந்த மருந்து அது; இன்று டிரினிடாடில் தயாராகிறது. குப்பியைவிட அதன் காகிதம் பெரிதாக இருக்கும், கழுத்துவரை ஏறி நிற்கும்; அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் அதன் அடையாளம். 44.7 சதவீதம் இருந்தாலும் மூன்று நான்கு சொட்டுக்கு மேல் தேவைப்படாது. விருந்தினர் குடிக்காதவராக இருந்தால், சோடாவில் எலுமிச்சையோடு இரண்டு சொட்டு விட்டுக் கொடுப்பேன். அதில் மதுவும் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான்.

மூலிகைக்கு வருவோம். எல்லோரும் பெயர் சொல்வது பச்சை ஷார்த்ரூஸ். பிரெஞ்சுத் துறவிகள் 130 மூலிகைகளைக் கொண்டு தயாரிப்பது, 55 சதவீதம். தங்கள் தவ வாழ்வுக்கு இடைஞ்சல் என்று அவர்கள் உற்பத்தியைக் கூட்ட மறுத்துவிட்டதால், கிடைப்பதும் அரிது, விலையும் ஏறிவிட்டது. உங்கள் 17இல் ஒன்று இருந்தால் விடாதீர்கள். இல்லாவிட்டால் தேடி அலையவேண்டாம். 27 மூலிகைகள் சேர்ந்த பெனடிக்டின் போதும். பெனடிக்ட் சபைத் துறவிகளின் பேரைப் பார்த்து அதுவும் மடத்துச் சரக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. 1863இல் அதை உருவாக்கியவர் ஒரு வணிகர், விளம்பரத்தில் வல்லவர்.

சோம்பு பிடிக்கும் என்று எழுதியிருந்தீர்கள். சோம்பு மதுக்களான ஊசோவோ பாஸ்டிஸோ ஒரு குப்பி வைத்துக்கொண்டால் நண்பர்களுக்கு ஒரு வேடிக்கையும் காட்டலாம். தெளிந்திருக்கும் மதுவில் குளிர்ந்த தண்ணீரை மெல்ல ஊற்றினால், கண்ணெதிரே கஞ்சித் தண்ணீராக வெளுக்கும். சோம்பு எண்ணெய் வலுவான மதுவில் கரைந்திருக்கும், தண்ணீர் சேர்ந்ததும் கரையமுடியாமல் நுண்துளிகளாகப் பிரிந்துவிடும், அதுதான் விஷயம். இதற்கு நெத்திலி அருமையான துணை.

குளச்சல்காரன் ஒருவன் ஜெனீவரைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 1741இல் மார்த்தாண்ட வர்மர் படையிடம் இங்கே தோற்றுப்போன டச்சுக்காரர்களின் சொந்த மது அது, ஜின்னுக்கு மூத்தது. தானியத்தை வடித்த மால்ட் வைனில் ஜூனிப்பர் காயின் மணம் ஏறியிருக்கும். குப்பியில் பழையது, புதியது என்று டச்சு மொழியில் எழுதியிருப்பது வயதைக் குறிப்பதில்லை, செய்முறையைத்தான் குறிக்கிறது. பழைய முறையில் மால்ட் வைன் குறைந்தது 15 சதவீதம் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் சிறு கோப்பையின் விளிம்பு தளும்ப ஊற்றுவார்கள். முதல் மிடறை, கையில் எடுக்காமல், குனிந்துதான் உறிஞ்சவேண்டும். நான் முதன்முதலில் அப்படிக் குனிந்தபோது, எங்கள் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூண்தான் நினைவுக்கு வந்தது.

விஸ்கியில் ஒன்றே போதும். என் தேர்வு பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட். 2004இல் அதை முதலில் விற்பனைக்குக் கொண்டுபோன இடம் கிளாஸ்கோ. கொல்லன் தெருவில் போய் ஊசி விற்ற கதை. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போகும். வெக்கையில் மரத்தின் சாரம் வேகமாக இறங்குவதால், அங்கே பல ஆண்டுகள் பிடிக்கும் முதிர்ச்சி இங்கே நான்கைந்து ஆண்டுகளில் வந்துவிடுகிறது. ரம்முக்கு ஓல்டு மாங்க் இருக்க வேறு எதற்கு?


பதில் 3: அருமனை அக்கா

இந்தப் பேச்சில் பெண் ஒருத்தி வருவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டீர்கள் என்று நம்புகிறேன். என் வீட்டுக்காரர் தொடுவதே இல்லை. கிறிஸ்துமஸ் காலத்துக்காக வீட்டில் ஒரு குப்பி லிக்யூர் தயாரிப்பதும், அது பதமா என்று பார்ப்பதும் நானே.

எட்டில் ஓரிடத்தை வீட்டுத் தயாரிப்புக்கு விடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது. வடிப்பது சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போகக்கூடாது. கடையில் வாங்கிய ரம்மில் வாசனைப் பொருளை ஊறவைத்து இனிப்புச் சேர்ப்பதைத்தான் சொல்கிறேன். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு நம் மலையில் விளையும்போது, இத்தாலிக் கசப்புக்கு மட்டும் காசு கொடுப்பானேன்?

ஆனால் கிராம்பு சாமானியமான சரக்கு அல்ல. முதல் முறை, நிறையப் போட்டால் நிறைய மணக்கும் என்று எண்ணி, ஒரு குப்பி ரம்மில் ஒரு கைப்பிடியைப் போட்டு ஒரு மாதம் பரணியில் மூடிவைத்துவிட்டேன். திறந்து ஒரு கரண்டி வாயில் விட்டதும் நாக்கு மரத்துப்போயிற்று. பல் பிடுங்கப் போனால் மருத்துவர் பஞ்சில் தடவி வைப்பாரே, அதே வாசனை, அதே மரமரப்பு. பல்வலிக்கு வைக்கும் யூஜினால் என்ற எண்ணெய் கிராம்பிலிருந்து வருவதுதானே. அந்த ரம்மை என் மாமியார் ஒரு வருடம் பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்துக்கொண்டார், வீணாகவில்லை.

இப்போது செய்யும் முறையைச் சொல்கிறேன். 750 மில்லி கறுப்பு ரம்முக்கு ஐந்து கிராம்பு மட்டும். சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பட்டை. ஒரு ஆரஞ்சின் தோல், உள்ளே இருக்கும் வெள்ளை துளிகூட ஒட்டாமல் சீவியது. அந்த வெள்ளைதான் கசப்பைக் கொண்டுவரும். கிராம்பை மூன்றாம் நாளே எடுத்துவிடவேண்டும். பட்டையும் தோலும் ஒரு வாரம் இருக்கலாம். பிறகு 100 மில்லி வெந்நீர் இளஞ்சூட்டுக்கு ஆறியதும், அதில் 200 கிராம் மார்த்தாண்டம் தேனைக் கரைத்துச் சேர்க்கிறேன். ரப்பர் தோட்டத்துத் தேனாக இருந்தால் நல்லது. காட்டுத்தேனின் காரம் அதில் இல்லாததால் கிராம்போடு சண்டைபோடாது. எல்லாம் சேர்ந்தால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். வலிமை ஏறக்குறைய 32 சதவீதம் நிற்கும் என்று மகன் கணக்குப் போட்டுச் சொன்னான். மருந்துக்கடை அண்ணன் சொன்ன 100 கிராம் சர்க்கரையையும் தாண்டிவிடுவதால், லிக்யூர் என்று சொல்லிக்கொள்வதில் பொய் இல்லை. துணியில் வடித்து மூன்று வாரம் அசைக்காமல் வைத்தால் மேலே தெளியும்.

மட்டிப் பழத்தில் முயன்று பார்த்தேன். மணம் ஏறியது உண்மை. ஆனால் நான்கு முறை வடித்தும் கலங்கல் போகவில்லை, குழந்தைக்குக் காய்ச்சிய கூழ் மாதிரியே இருந்தது. கருப்பட்டிப் பாகு இன்னும் நல்ல யோசனை. அதை லிக்யூரில் சேர்ப்பதைவிட, பாகாகக் காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைத்து, ஓல்டு மாங்க்கோடு கப்பல்கார அண்ணனின் பிட்டர்ஸ் இரண்டு சொட்டுச் சேர்த்துக் கலக்கிப் பாருங்கள். கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்பும் அடியில் தங்கும். பாகை ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, மேலாக இறுத்து எடுக்கவேண்டும்.


பதில் 4: இராஜாக்கமங்கலம் தென்னந்தோப்பு

நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டே வந்தேன். இத்தாலி, பிரான்ஸ், டிரினிடாடு, ஹாலந்து எல்லாம் வந்துவிட்டன; தென்னை மட்டும் வரவில்லை.

இலங்கைத் தென்னஞ்சாராயம் ஒரு குப்பி உங்கள் தட்டில் இல்லையென்றால் மற்ற ஏழும் இருந்து என்ன பயன் என்று கேட்பேன். தென்னம்பாளையிலிருந்து இறக்கிய கள்ளை, புளித்த சூட்டோடு வடித்து, மரத் தொட்டிகளில் முதிரவைக்கும் மது அது. அங்கே ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குக் கயிறு கட்டி, அதன்மேல் நடந்தே பாளை சீவுவார்கள். நல்ல முதிர்ந்த சாராயத்தை வெறும் கோப்பையில் ஊற்றி முகர்ந்தால், காய்ந்த தேங்காய் மட்டையும், வெண்ணிலாவும், மிகத் தூரத்தில் கள்ளுப் பானையும் மணக்கும். நம் மாநிலத்தில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், பனையேறிகள் பானைக்குள் சுண்ணாம்பு தடவி இறக்கும் அக்கானியோடு (பதநீரோடு) நம் கதை முடிந்துவிடுகிறது. தென்னங்கள்ளின் அடுத்த அத்தியாயம் கடலுக்கு அந்தப் பக்கம் குப்பியில் விற்கிறது. கொழும்பு விமான நிலையம் வழியாக வருபவர்கள் யாரிடமாவது சொல்லிவையுங்கள்; வாங்கும்போது தூய தென்னஞ்சாராயமா, வேறு மதுவோடு கலந்ததா என்பதைக் காகிதத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் அதே பெயரில் விற்கின்றன.

இரண்டாவது பரிந்துரை ஃபெனி. நம் மாவட்டத்தில் எத்தனை அண்டியாபீஸ்கள், அதாவது முந்திரிக்கொட்டை ஆலைகள், இருக்கின்றன! அண்டியைத் திருகி எடுத்துக்கொண்டு கொல்லாம்பழத்தை (முந்திரிப்பழத்தை) மரத்தடியிலேயே அழுகவிடுவதைத்தான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். கோவாக்காரர்கள் அந்தப் பழத்தை மிதித்துச் சாறெடுத்து, நொதிக்கவைத்து, முதல் வடிப்பை உர்ராக் என்றும், மேலும் வடித்ததை ஃபெனி என்றும் சொல்கிறார்கள். 2009இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். எலுமிச்சைச் சாறு, உப்பு, கீறிய பச்சைமிளகாய் ஒன்று, மேலே சோடா. மிளகாயின் காரம் தொண்டையில் இறங்கும்போதுதான் பழத்தின் மணம் மூக்குக்கு ஏறும்.


குளச்சல் கப்பல்காரன்

தென்னஞ்சாராயத்துக்கு நான் தலைவணங்குகிறேன். அதை மறந்தது என் பிழை. ஃபெனியைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை: ஒருமுறை மூடி சரியாகத் திருகாமல் விட்டதில், என் அலமாரி முழுவதும் பழுத்த கொல்லாமாந்தோப்பு வாசனை ஏறி, வேட்டியைக்கூட அதில் வைக்கமுடியாமல் போயிற்று. வைப்பதானால் தனி உறையில் வையுங்கள்.


பார்வதிபுரத்துக்காரன்

அனைவருக்கும் நன்றி. நேற்று முழுவதும் தரையில் பாய் விரித்து, மிச்சமிருந்த குப்பிகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் சதவீதத்தையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். 20க்குக் கீழே இருந்தவை மூன்று. அவற்றில் ஒன்று, வைன் என்றே தெரியாமல் ஆறு ஆண்டுகளாகத் திறந்து வைத்திருந்த வெர்மூத். முகர்ந்தால் பழைய புளிக்காடி. ஆரஞ்சு லிக்யூரின் மூடியில் மருந்துக்கடைத் தம்பி சொன்ன எறும்புகள் ஏற்கெனவே குடியேறியிருந்தன.

தட்டில் நிற்கப்போகிறவை இவை: அம்ருத் ஒன்று, ஓல்டு மாங்க் ஒன்று, ஜின் ஒன்று, காம்பாரி, குவாந்த்ரோ, என்னிடம் ஏற்கெனவே இருந்தும் திறக்கப் பயந்த பெனடிக்டின், சோம்புக்கு ஊசோ. எட்டாவது இடத்தைத் தென்னஞ்சாராயத்துக்குக் காலியாக விட்டிருக்கிறேன். மகளின் தோழி அடுத்த மாதம் கொழும்பிலிருந்து வருகிறாள். ஷார்த்ரூஸ் என்னிடம் இல்லை; மைத்துனர் எடுத்துப்போனதிலும் இல்லை என்று கேட்டு உறுதிசெய்துகொண்டேன். வெர்மூத்தை அரைக் குப்பியாக வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் வைக்க வீட்டம்மா சம்மதித்துவிட்டார். அருமனைச் சகோதரியின் முறைப்படி கிராம்பு ஐந்தை எண்ணிப் போட்டு இன்று காலை ஊறவைத்தாயிற்று. வியாழக்கிழமை எடுத்துவிடச் சொல்லி நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். அது தட்டுக்கு ஒன்பதாவதாகிவிடும் என்பதால் அடுக்களையில் நல்லெண்ணெய்க்குப் பின்னால் நிற்கும்.

மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள். பெனடிக்டினும் ஊசோவும் கால்வாசிக்கு இறங்கும்போது மாற்றி வைக்க, பழுப்புக் குப்பிகள் நான்கு வேண்டும். சனிக்கிழமை ஒரு கல்யாணத்துக்காகத் தக்கலை வருகிறேன், கடையில் இருக்குமா?


தக்கலை மருந்துக்கடை

இருக்கும் அண்ணாச்சி. மதியம் 1 மணிக்கு முன்னால் வாருங்கள், சாப்பாட்டுக்கு அடைத்துவிடுவேன்.